பிரிக்காமல் விட்ட தையல்

நான்காவது முறையாகத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். நீலத் துண்டின் ஓரம் நூல் நூலாகக் கையோடு வந்துவிட்டது.

சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் குயில்ட் போர்வை தைக்கிறேன். நான்கு துண்டுகள் கூடும் இடத்தில் முனைகள் சேரவில்லை. ஒரு நூல் கனம்தான் விலகல்.

ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பதுதான் கணக்கு. அதில் 1 மில்லிமீட்டர் கூடினால் இரண்டு பக்கத் துண்டிலும் குறையும். ஒரு வரிசையில் துண்டுகளை இணைக்கும் 8 தையலில் 16 மில்லிமீட்டர் போய்விடும். அளவு முக்கியம்தான்.

ஆனால் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணி இழுபட்டு, முன்பைவிடக் கோணலாகிவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சரி என்று, பிரிக்கும் ஊசியை மூடி வைத்தேன். நீளமாக நின்ற துண்டை அடியில் வைத்து, நெருக்கமாகக் குண்டூசி குத்தி, மெதுவாக ஓட்டினேன். மிஷினில் ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பற்கள் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுக்கும். மிச்சத் துணி அதிலேயே அடங்கிவிட்டது.

முனை இன்னும் சேரவில்லை. பரவாயில்லை.

எத்தனை மாலைகளைப் பிரிப்பதிலேயே கழித்திருக்கிறேன்! தைக்கத்தானே ஆசைப்பட்டேன்.

போன போர்வையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. துவைத்ததும் பருத்தி சுருங்கி, மேலெல்லாம் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தது. இப்போது தேடினாலும் அந்த இடம் தெரியவில்லை. மகள் தினமும் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

அடுத்த வரிசையை ஆரம்பித்துவிட்டேன்.