படுவான்கரைப் பிள்ளை, எழுவான்கரைக் கடை: முறைப்பாடு எங்கே கொடுப்பது?

கடைக்குப் பின்னால் கோப்பை கழுவும் பிள்ளைக்காக, சிறுவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று முறைப்பாடு கொடுக்க மூன்று தரம் பஸ் ஏறியாச்சு. முதல் தரம், "கடை எங்கட பிரிவில் இல்லை." இரண்டாம் தரம், "பிள்ளையின்ட வீடு எங்கட பிரிவில் இல்லை." மூன்றாம் தரம் அலுவலர் வெளிக்களம் போய்விட்டார். பிள்ளையின் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கடை கிழக்கே எழுவான்கரையில் என்றால் இந்த அலைச்சல் நிச்சயம்.

ஒரே கடிதத்தோடு இரண்டு பக்கமும் அலையாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பொறுப்பான தொழில் அலுவலகத்துக்கு ஒன்று. பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடம் சேர்க்க, வீடு இருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் முதல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கமான 1929 இற்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்க வேண்டாம். "1929 இல் இந்த இலக்கம்" என்று சொன்ன பிறகுதான் மேசையில் கோப்புத் திறந்தது.

பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அயலவரிடம் அது எப்படி இருக்கும்? கடைசியாகப் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்தால் போதும்; பள்ளிக்கூடத்தின் சேர்விடாப்பில் (மாணவரைச் சேர்க்கும்போது பதியும் பதிவேடு) பிறந்த திகதி இருக்கும், அதை அவர்கள் எடுக்கட்டும்.

முதலாளி வழமையாகச் சொல்வது: "சொந்தக்காரப் பிள்ளை, லீவுக்கு வந்து நிற்குது." அதனால் தவணை நாட்களில் எந்தத் திகதி, எத்தனை மணிக்குப் பிள்ளை அங்கே நின்றது என்று நாலைந்தையாவது குறித்துக் கொடுங்கள். 5 தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம், 2021 முதல் வேலைக்கான குறைந்த வயதும் 16. முந்தி 14 ஆக இருந்தபோது இடைப்பட்ட இரண்டு வருடமும் முதலாளிமாருக்கு வாய்ப்பாகப் போனது.

ஓட்டை இன்னும் இருக்கிறது. 16, 17 வயதுப் பிள்ளை என்றால் ஆபத்தான தொழில் பட்டியலில் அந்த வேலை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே "வேலை செய்கிறான்" என்று மொட்டையாக எழுதாமல், தூக்கும் பாரம், இரவு எத்தனை மணி வரை, எந்த மெஷின் என்று எழுத வேண்டும். பெற்றாரின் கச்சான் தோட்டத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே செய்யும் இலகுவான வேலையைச் சட்டமே விட்டுவிடுகிறது. வீட்டு வேலைப் பிள்ளை இன்னும் சிக்கல். தொழில் அலுவலர் கடைக்குள் நுழைவது போல் வீட்டுக் கேற்றைத் திறந்து போக முடியாது. அதற்குப் பொலிஸ் சிறுவர், பெண்கள் பிரிவையும் சேர்த்தே அறிவியுங்கள்.