தபால் பெட்டியில் இரண்டு பெயர்

கரூரிலிருந்து கிளம்பும்போது என் கைப்பையில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. ஏபிஎஸ் சான்றிதழ், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பிளாக்ட் அக்கவுண்ட் உறுதித் தாள், காப்பீட்டுத் தாள், மதிப்பெண் பட்டியல்கள், பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஏபிஎஸ் என்பது நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்கே 18,000 ரூபாய். பிளாக்ட் அக்கவுண்ட் என்பது ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு; மாதாமாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும். அதில் அப்போது 11,208 யூரோ போட வேண்டும், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட பத்து லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கல்விக்கடனில் பெரும்பகுதி அங்கேதான் போய் உட்கார்ந்தது. பத்து மாதம் இந்தத் தாள்களுக்காகவே அலைந்திருந்தேன். 2023 செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறியபோது அலைச்சல் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தங்குவதற்கு மட்டும் பதினெட்டு நாளுக்குத்தான் இடம் இருந்தது. எங்கள் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர், தான் ஊருக்குப் போயிருந்த நாட்களுக்குத் தன் விடுதி அறையைக் கொடுத்திருந்தார். "நேர்ல வந்து தேடினா கிடைச்சிடும்மா" என்று சொல்லியிருந்தார். அவர் 2019இல் வந்தவர். அப்போது கிடைத்திருக்கும்.

நான் படிக்கும் ஊர் ரூர் பகுதியில் இருக்கிறது. ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையுமாக இருந்த வட்டாரம். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. இந்தப் பகுதியில் எந்த ஊரில் படிப்பவர்களைக் கேட்டாலும் இதே கதையில் பாதியாவது சொல்வார்கள்.

முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. இங்கே எல்லாம் முகவரியில் தொடங்குகிறது. ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குப் பெயர் அன்மெல்டுங். பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு உறுதிக் கடிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. நான் போன வங்கியில் பதிவுத் தாள் இல்லாமல் கணக்கு தொடங்க மாட்டோம் என்றார்கள். இங்கே வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வரவேண்டிய 934 யூரோ வராது. வேலைக்குச் சேர வரி எண் வேண்டும். அது பதிவு செய்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் பதிவு செய்த ஊரில்தான். பத்து லட்சம் என் பெயரில் கிடக்க, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபோரெக்ஸ் கார்டில் இருந்த 900 யூரோவை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அறை தேடும் தளங்களில் முதல் மூன்று வாரத்தில் 94 பேருக்கு எழுதினேன். ஏழு பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர், அறை இருக்கிறது, ஆனால் அன்மெல்டுங் கிடையாது என்றார்கள். யாராவது மூன்று மாதம் வெளியூர் போகும்போது அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். பலர் அதில் நம் பெயரைப் பதிய ஒத்துக்கொள்வதில்லை. படுக்க இடம் கிடைக்கும், முகவரி கிடைக்காது. சீனியர் அக்கா திரும்பி வந்ததும் அப்படி ஓர் அறையில்தான் ஐந்து வாரம் இருந்தேன்.

ஒருவர் மட்டும் மிக அன்பாக எழுதினார். நல்ல அறை, ரயில் நிலையத்துக்குப் பக்கம், வாடகையும் குறைவு. தான் இப்போது ஸ்பெயினில் வேலையாக இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பியிருந்தார். 760 யூரோ. அனுப்பிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அன்று இரவு அப்பாவிடம் பேசும்போது சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்மூர்ல ஒரு கடைய வாடகைக்குப் புடிச்சாக்கூட ஷட்டரத் தொறந்து பாத்துட்டுத்தானே சாமி அட்வான்ஸ் குடுப்போம்?" என்றார். வீட்டை நேரில் காட்ட இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று அந்த ஆளுக்கு எழுதினேன். பதிலே வரவில்லை. என்னோடு சேர்ந்த பையன் ஒருவன் இதே மாதிரி ஒரு கதையில் 600 யூரோ அனுப்பிவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காமல் இருக்கிறான். ஜெர்மனி வந்து சேர்ந்தவன் புத்திசாலியாகத்தான் இருப்பான் என்று யாரும் நினைக்க வேண்டாம்; பதற்றத்தில் இருப்பவரின் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது.

வகுப்புகள் அக்டோபரில் தொடங்கின. பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பம். அந்தக் கால் மணி நேரம் இங்கே பழைய வழக்கம். பேராசிரியர் முடித்ததும் கை தட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் அந்தச் சத்தத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. இங்கே உட்காரத்தானே இத்தனை பாடு என்று தோன்றியது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு முந்நூறு யூரோ சொச்சம் கட்டினேன்; மாநிலம் முழுவதும் ரயிலில் போகப் பயணச்சீட்டும் அப்போது அதிலேயே அடக்கம். மதியம் மென்ஸாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், மூன்று யூரோவுக்குள் உருளைக்கிழங்கும் பருப்புக் குழம்பு மாதிரி ஒன்றும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்பது தெரியாமல் முதல் ஞாயிறு முழுக்க அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கில் ஓட்டினேன். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதுவரை மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆனது. நான் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து கூப்பிடும் நேரத்தில் அம்மா தூங்கப் போயிருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காக அழுதிருக்கிறேன்.

அறை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஈழத்தமிழர் கடை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. பக்கத்தில் ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வரும். கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனவளிடம் கல்லாவில் இருந்த அக்கா, "எங்க பிள்ளை இருக்கிறீர்?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் உடைந்துவிட்டது. அவர் கைவேலையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். "இங்கிலீஷில ஈமெயில் போட்டுக்கொண்டிருந்தா ஆர் பாக்கப் போகினம்? டெலிபோன் எடுத்து ஜெர்மனில கதையும். பிழையாக் கதைச்சாலும் பரவாயில்லை" என்றார்.

பில் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தார். நான் யார், எங்கே படிக்கிறேன், புகைபிடிக்க மாட்டேன், வாடகைக்குப் பணம் இருப்பதற்குச் சான்று இருக்கிறது, எப்போது வந்து பார்க்கலாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைபேசி எண் கொடுத்திருந்த விளம்பரங்களுக்கு மட்டும் பேசினேன். ஒன்பதாவது அழைப்பில் வீட்டுக்காரரான ஒரு வயதான அம்மா எடுத்தார். நான் தப்புத் தப்பாகப் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வா என்றார். அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு பெண்கள், ஒருத்தி போலந்து, ஒருத்தி இந்த ஊர்க்காரி, சமையலறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டை இங்கே 'வேகே' என்பார்கள். யாரைச் சேர்ப்பது என்று இருப்பவர்கள்தான் தீர்மானிப்பார்கள். சுத்தம் செய்யும் முறை எப்படி, இரவில் சத்தம் வருமா, குளிர்காலத்திலும் தினமும் ஜன்னலை முழுதாகத் திறந்து காற்று மாற்றத் தெரியுமா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டு விழித்தேன். அடைத்தே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு வாடகைக்காரர்தான் பொறுப்பு என்று விளக்கினார்கள். பதினான்கு சதுர மீட்டர் அறை, சூடேற்றும் செலவும் சேர்த்து 340 யூரோ. அந்த அம்மா உறுதிக் கடிதத்தை அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

நகராட்சியில் பதிவுக்கு இணையத்தில் நேரம் வாங்க வேண்டும். கிடைத்த முதல் தேதி 24 நாள் கழித்து. காலை எட்டு மணிக்கு முன்னால் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் யாராவது விட்ட இடம் கிடைக்கும் என்று போலந்துத் தோழி சொன்னாள். ஐந்தாவது நாள் கிடைத்தது. படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் வேலைக்குப் போகும்போது தேவாலய வரியும் சேரும். நான் இருக்கும் ஜெர்மன் மாநிலத்தில் அது வருமான வரியில் 9 சதவீதம். இது தெரிந்து எழுதுவது வேறு, தெரியாமல் எழுதுவது வேறு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பதிவுத் தாளை வாங்கி வெளியே வந்ததும் மழையில் நின்றுகொண்டே அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். எட்டு நாளில் வங்கிக் கணக்கு, டிசம்பர் முதல் வாரம் முதல் 934 யூரோ. அதில் காப்பீட்டுக்கு 120 யூரோவுக்கு மேல் போய்விடும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளர் வேலையும் பேசியாகிவிட்டது. வரி எண் வந்தால் ஜனவரியில் சேரலாம்.

வரி எண் வரவில்லை. மூன்று வாரம், நாலு வாரம். பதற்றத்தோடு அந்த வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய்த் தபால் பெட்டியைக் காட்டினார். இங்கே கட்டடத்துக்குத்தான் எண்; உள்ளே இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் என் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் அலுவலகங்களுக்கு அது என் பெயரே இல்லை.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. பெயர்க் கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து நிற்கும். நம்மில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு கணினியும் நகராது. பல்கலைக்கழகத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயரானது. வங்கியில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயரானது. வரித் துறைக் கடிதம் அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. பதினேழு வயதில் எடுத்த பாஸ்போர்ட். அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன் இதைச் சரிசெய்ய முடிந்தவர்கள் செய்துவிடுங்கள். இரண்டு மாதம் மிச்சமாகும்.

மறுபடி விண்ணப்பித்து எண் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. பிப்ரவரியில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் அந்த அம்மா தபால் பெட்டியைக் காட்டிய அன்று மாலையே அதில் இரண்டு பெயரையும் ஒட்டினேன். அடுத்த வாரமே கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 6.12. அதையும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உறையில் அவர் பெயர் இருந்தது.

குடியிருப்பு அனுமதி தனிக் கதை. சுருக்கமாகச் சொன்னால், விசா மார்ச் கடைசியில் முடிகிறது, ஜனவரியிலேயே விண்ணப்பித்தேன், மார்ச் நடுவரை ஒரு பதிலும் இல்லை. முடிய இரண்டு நாள் இருக்கும்போது தற்காலிக அனுமதித் தாள் கொடுத்தார்கள். அட்டை ஜூலையில் வந்தது, கட்டணம் 100 யூரோ. விசா முடிவதற்குள் விண்ணப்பித்ததற்கான ஒப்புகையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்ததுதான் வேலையைக் காப்பாற்றியது.

2024 அக்டோபரில் போலந்துத் தோழி படிப்பு முடித்துக் கிளம்பினாள். அவள் அறைக்கு யாரைச் சேர்ப்பது என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து நாங்கள் இருவர்தான் பேசினோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஜெர்மனில், தாளைப் பார்த்துப் படிக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. வந்த அன்று அரிசி, பருப்பு எல்லாம் எடுத்து வைப்பதற்கு முன் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். "பாஸ்போர்ட்ல உன் பேர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் காட்டினாள். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கையில் கொண்டுபோயிருந்த டேப்பில் அவள் பெயரையும் அவள் அப்பா பெயரையும் எழுதி ஒட்டினோம்.