குரிசுமலைப் பாதையில் ஒரு தவக்கால நாள்

கேரளத்தின் தென்கோடியில் வெள்ளறடைக்கும் நம் குமரி மாவட்டத்துப் பத்துகாணிக்கும் இடையே, எல்லையை ஒட்டி நிற்கிறது தெற்கன் குரிசுமலை. பெல்ஜியம் நாட்டுக் கார்மேல் சபைக் குருவான ஜான் பாப்டிஸ்ட் அடிகளார் 1957-இல் தொடங்கிவைத்த இத்திருப்பயணம், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று தொடங்கும் வாரத்திலும், பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களிலும் நடைபெறுகிறது. முன்னே செல்லும் குழு மலையாளத்தில் சிலுவைப்பாதை செபிக்க, பின்னே வரும் விளவங்கோட்டுக்காரர்கள் அதையே தமிழில் சொல்லிக்கொண்டு ஏறுவார்கள்.

பாதி வழியில் ஒரு பாறையருகே இளைப்பாறியபோது, பக்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அமர்ந்திருந்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல்களுக்கிடையே செபமாலை இருந்தது. குடியை நிறுத்தியதற்கு நன்றியாக மலை ஏறுவதாகச் சொன்னார். வழியில் கடைகளைக் காணும்போது மனம் அலைபாயாதா என்று கேட்டேன். “கடையக் கண்டா பயமில்ல மக்களே. ‘இவ்வளவு நாளு இருந்தாச்சில்லா, இன்னைக்கு ஒருநாளு மட்டும்’ண்ணு உள்ளுக்குள்ள ஒருத்தன் நல்லவன் மாதிரி சொல்லுவான் பாரு, அவனைத்தான் பயம்” என்றார்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தியும் இதையே காட்டுகிறது. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்து பசித்திருந்த இயேசுவிடம் அலகை, அதாவது சாத்தான், கொடிய உருவம் காட்டி மிரட்டவில்லை. பசித்தவர் அப்பம் உண்பதில் என்ன தவறு என்பதுபோல் பேசுகிறது. தேவாலயத்தின் உச்சியில் 91-ஆம் திருப்பாடலையே மேற்கோள் காட்டுகிறது. இயேசு அதனோடு நீண்ட வாதம் செய்யவில்லை. மூன்று முறையும் இணைச்சட்ட நூலிலிருந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறார். அதன்பின்னும் அலகை ‘ஏற்ற காலம் வரும்வரை’ மட்டுமே அவரை விட்டு அகன்றது என்று லூக்கா எழுதுகிறார். வென்றவரிடமும் அது திரும்பி வரும் என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பகுதியில் வீட்டில் ஒரு நோய் வந்தாலும் செய்வினை, பேய் என்று பேசுவோர் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத தீய ஆற்றல்களோடு நமக்குப் போராட்டம் உண்டு என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆயினும் அவர் அணியச் சொல்லும் படைக்கலங்கள் உண்மை, நீதி, நம்பிக்கை, இறைவார்த்தை ஆகியவை. மந்திரித்த கயிறு அந்தப் பட்டியலில் இல்லை. பேயைத் தேடி அலைகிறவர், தம் மனத்துக்குள் நியாயம் பேசும் குரலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார் என்பதே என் கவலை.

1544-இல் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் திருமுழுக்கு அளித்து நடந்த புனித சவேரியாரின் நண்பரும் வழிகாட்டியுமான புனித இஞ்ஞாசியார், இக்குரலை எதிர்கொள்ளத் தெளிவான விதிகளை வகுத்தார். மனம் வறண்டு சோர்ந்த வேளையில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றலாகாது. சோதிப்பவன் நம் தற்காப்பில் பலவீனமான இடத்தைத் தேடியே தாக்குவான். தான் சொல்வது மறைவாக இருக்க வேண்டும் என்பதே அவன் விருப்பம். ஆகவே நல்ல ஆன்ம குருவிடம் அதைத் திறந்து சொல்லிவிட்டால் அவன் திட்டம் குலைந்துபோகும். இம்மூன்றில் கடைசி விதியையே நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பால்வெட்டுக்காரர் முன்பின் அறியாத என்னிடம் அதைச் சொன்னதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

உச்சியில் செபித்து இறங்கும்போது அவர் புனித தேவசகாயத்தைப் பற்றிக் கேட்டார். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுத் தளபதி டிலனாய், துன்பத்தில் மனமுடைந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு விவிலியத்தின் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமான நீலகண்ட பிள்ளை, எருமைமேல் ஏற்றி ஊரூராய் அவமானப்படுத்தப்பட்டபோதும் நம்பிக்கையை மறுதலிக்காமல், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் உயிர் துறந்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

யோபு நூலின் தொடக்கத்தில் விண்ணகத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே நடக்கும் உரையாடல் வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கோ அது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. காரணம் அறியாமலேயே அவர் கடவுளைப் பற்றிக்கொண்டிருந்தார். அந்த நூலை முதலிலிருந்து சொல்லும்படி பால்வெட்டுக்காரர் கேட்டார். பத்துகாணி வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.