நன்றாக ஓடுகிறவனுக்கு கால்சியம் ஸ்கோர் 286

எனக்கு வயது 54. பல வருடங்களாக ஓடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது, நெஞ்சுவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதிலேயே மாரடைப்பு வந்ததைக் கேட்டதும், இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ரிப்போர்ட்டில் 286 என்று வந்தது.

வீட்டில் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். முப்பது சதவீத அடைப்பு என்றார் ஒருவர், உடனே ஸ்டென்ட் வைக்கணும் என்றார் இன்னொருவர். இது சதவீதமே இல்லை என்பது டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. குழாயின் சுவரில் எவ்வளவு கால்சியம் ஏறியிருக்கிறது என்பதற்கான எண் அது. பூஜ்யம் என்றால் கால்சியம் தென்படவில்லை. 100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை பற்றிப் பேசுவார்கள். 400-க்கு மேல் போனால் அதிகம். உள்ளே வழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை இந்த ஸ்கேன் காட்டாது. ஆனாலும் என் வயது ஆண்களில் பெரும்பாலோரைவிட என் எண் அதிகம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்து டிரெட்மில் டெஸ்ட். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நான்காவது கட்டத்தைத் தாண்டியும் ஓடினேன்; ஈ.சி.ஜி.யில் மாற்றமில்லை. இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும் எக்கோவும் நார்மல். “அப்போ ஸ்கேன் தப்பா டாக்டர்?” என்று ஆசையோடு கேட்டேன்.

“ரெண்டும் சரிதான்” என்றார். இதயத் தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று பார்ப்பது டிரெட்மில். குழாய் வெகுவாகச் சுருங்கினால்தான் அதில் குறை தெரியும். சுவரில் படிந்திருக்கும் கொழுப்போ பாதி அடைப்புகூட இல்லாத இடத்திலும் வெடிக்கலாம். அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. நேற்றுவரை ஓடியவர் திடீரென்று விழுவது இப்படித்தான். எனக்குத் தூக்கம் போனது இதைக் கேட்ட அன்றுதான், ஸ்கோரைப் பார்த்த அன்று அல்ல.

காரணத்தைத் தேடி, ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற துகள் எவ்வளவு இருக்கிறது என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அதிகமாக இருந்தது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஓட்டத்துக்கும் பத்தியத்துக்கும் அசைந்து கொடுக்காது. இத்தனை வருடம் ஓடியது வீணா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் கொஞ்சம் ஆறுதல்: நெடுங்காலம் நீண்ட தூரம் ஓடுகிறவர்களிடம் கால்சியம் கூடுதலாகக் காணப்படுவது உண்டு, ஆனால் ஒரே ஸ்கோர் உள்ளவர்களில் உடல் வலு அதிகமுள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஆரம்பித்தேன். 138 ஆக இருந்த எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 66-க்கு வந்தது. அடுத்த வருடமும் ஸ்கேன் எடுத்து ஸ்கோர் இறங்கியதா என்று பார்க்கலாமே என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டாடின் எடுக்கும்போது படிவு கெட்டிப்படுவதால் எண் ஏறக்கூட ஏறும். அதைப் பார்த்து வீணாகப் பயப்படுவோம். இனி கவனிக்க வேண்டியது எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கமான வேகத்திலேயே மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தம்பிக்கும் தங்கைக்கும் அதே லிப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். தங்கை செய்துவிட்டாள், தம்பி இன்னும் நாள் கடத்திக்கொண்டிருக்கிறான்.