ரெண்டாவது டெனருக்கும் ஒரு மெட்டு

இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன். ஜாஸ் பிக் பேண்டில் முன்வரிசையில் உட்காரும் சாக்ஸபோன் அணி வழக்கமாக இதுதான். பின்னால் நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பக்கத்தில் பியானோ, பேஸ், டிரம்ஸ், பல பேண்டுகளில் கிட்டாரும் இருக்கும். சென்னையில் அத்தனை பேரைச் சேர்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் இந்த ஐந்து சாக்ஸுக்கு மட்டும் நானே ஒரு மெட்டுப் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, வாசிக்கவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 32 பார், அதாவது 32 தாளச் சுற்று. முதல் எட்டில் ஒரு மெட்டு, அதுவே திரும்ப ஒருமுறை, நடு எட்டில் வேறொன்று, கடைசி எட்டில் மறுபடி முதல் மெட்டு. ஜாஸில் ரொம்பப் பழகிய அமைப்பு. இன்னும் முடியவில்லை. இதுவரை வந்த தூரத்தை எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

சென்னையில் சாக்ஸ் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச், கல்யாண ரிசப்ஷன், லைட் மியூசிக், கோயில் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். ஐந்து பேரை ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. முகூர்த்த மாதங்களில் போனை எடுக்கக்கூட நேரம் இருக்காது. ஆடி பிறந்ததும் ரிசப்ஷன்காரர்கள் கைக்குக் கிடைத்தார்கள். ஆனால் ரெண்டாவது ஆல்டோ வாசிக்கும் அண்ணன் நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்தவர், அவருக்கு ஆடியில்தான் அம்மன் கோயில்களில் ஓயாத வேலை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு அவரைக் கூப்பிடவே முடியாது. சர்ச்சில் வாசிப்பவருக்கு சனிக்கிழமை மாலையும் பிராக்டிஸ். கடைசியில் புதன்கிழமை ராத்திரி, பெரம்பூரில் ஒரு சர்ச்சை ஒட்டிய ஹால் என்று முடிவானது.

பாரிடோன்தான் அரிது. கிடைத்தது ஒரு பழைய பீரோவில் பல வருஷம் தூங்கிய கருவி. மேல் சுரங்கள் நன்றாகவே பேசின, கீழே போகப்போக மூச்சு மட்டும்தான் வந்தது. சாக்ஸில் கீழ் சுரம் எழ வேண்டுமென்றால் மேலேயுள்ள துளைகள் எல்லாம் சரியாக மூடியிருக்க வேண்டும். எங்காவது ஒரு பேட், அதாவது துளையை மூடும் மெத்தை, துளி இடைவெளி விட்டாலும் போச்சு. பேட்களை மாற்றிக்கொண்டு வந்த பிறகு அந்தக் கருவி எழுப்பிய முதல் கீழ் சி-யில் ஹாலின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, எழுத்து வேலைக்கு வருகிறேன். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கியபோதே இதை ஒரு குடும்பமாகத்தான் யோசித்தார். ஆல்டோவில் பழகிய விரல் டெனரிலும் பாரிடோனிலும் அப்படியே செல்லும். அதற்கு விலை, தாளில் எழுதியிருப்பது ஒன்று, காதில் விழுவது வேறொன்று. சி என்று எழுதியதை ஆல்டோ வாசித்தால் ஈ ஃப்ளாட், அதாவது அரைச் சுரம் இறங்கிய ஈ, கேட்கும், டெனர் வாசித்தால் பி ஃப்ளாட். நான் மியூஸ்ஸ்கோரில் எல்லாவற்றையும் கேட்கும் சுருதியிலேயே எழுதிவிட்டு, கடைசியில் ஒரு பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்கிறேன். அந்த மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது வாசித்துக் காட்டுவதை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. அதற்கு மூச்சு வாங்காது, விரல் சிக்காது, ரீட் ஈரமாகாது.

இந்த முயற்சியில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: எல்லோருக்கும் மேலே கேட்கும் மெட்டை எவரும் எழுதிவிடலாம், ரெண்டாவது ஆல்டோவுக்கும் ரெண்டாவது டெனருக்கும் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் அணியின் ஒலி இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் தன் தாளைத் தனியாக வாசித்தாலும் அதுவும் ஒரு மெட்டாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பாரை எடுத்துக் காட்டுகிறேன். மெட்டு ஏ, ஜி, எஃப் என்று படியிறங்குகிறது. அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, அதாவது கார்டு, எஃப் சிக்ஸ்த்: எஃப், ஏ, சி, டி. முதல் சுரத்துக்கு மேலிருந்து கீழாக ஏ, எஃப், டி, சி என்று நெருக்கி அடுக்கலாம். மூன்றாவதற்கு எஃப், டி, சி, ஏ. இரண்டும் கார்டுக்குள்ளேயே இருக்கின்றன. நடுவில் வரும் ஜி கார்டில் இல்லாத சுரம், அதற்கு அடியில் என்ன வைப்பது?

இரண்டு விதமாக எழுதி வாசிக்கச் சொன்னேன். முதல் விதத்தில் கீழே இருக்கும் மூன்று பேரும் எஃப், டி, சி-யை அப்படியே இன்னொரு முறை வாசிக்க, மேல் மெட்டை வாசிக்கும் முதல் ஆல்டோ, அதாவது லீட் ஆல்டோ, மட்டும் ஜி-க்கு இறங்கும். இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காதில் அது ஒருவர் நடக்க மூவர் நின்ற இடத்திலேயே கால் தட்டுவதுபோல விழுந்தது. இரண்டாவது விதத்தில் ஜி-க்கு அடியில் ஈ, டி ஃப்ளாட், பி ஃப்ளாட். அது ஒரு டிமினிஷ்ட் கார்டு, ஒரு நொடி வந்து போகிறது. இப்போது லீட் ஏ-ஜி-எஃப் என்று இறங்கினால், ரெண்டாவது ஆல்டோ எஃப்-ஈ-டி, முதல் டெனர் டி-டி ஃப்ளாட்-சி, ரெண்டாவது டெனர் சி-பி ஃப்ளாட்-ஏ. நான்கு பேரும் சேர்ந்து இறங்குகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன மெட்டு இருக்கிறது. வாசித்து முடித்ததும் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னொரு தடவ போலாமா?” என்று கேட்டது லீட் இல்லை, முதல் டெனர்.

பாரிடோனுக்கு அந்த இடத்தில் லீட் மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே கொடுத்தேன். 1972-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய சூப்பர்சாக்ஸ் குழு, ஜாஸ் ஆல்டோ மேதை சார்லி பார்க்கரின் சோலோக்களை ஐந்து சாக்ஸுக்கு எழுதியபோது இந்த முறையைத்தான் நிறையப் பயன்படுத்தியது. ஆல்டோவும் பாரிடோனும் இரண்டுமே ஈ ஃப்ளாட் கருவிகள், ஒரு ஸ்தாயி வித்தியாசம். ஆகவே இரண்டு தாளிலும் அச்சு அசலாக ஒரே எழுத்துதான் வரும். பாரிடோன்காரர் தன் தாளை லீட் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜெராக்ஸ் எடுத்ததில் மாறிவிட்டதோ என்று கேட்டார்.

அந்த பாரில் ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. வேகம் கூட்டியதும் ரெண்டாவது டெனர் தடுக்கினார். அவருக்கு ரிசப்ஷன் மேடைகளில் இருபது வருஷத்துக்கும் மேல் அனுபவம், வேகம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

“என்ன அண்ணே, நோட்டு கஷ்டமா?”

“நோட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. எல்லா விரலும் மூடியிருக்கு, உடனே எல்லாத்தையும் தூக்கச் சொல்றே. அங்கதான் சத்தம் ஒடையுது.”

சி-பி ஃப்ளாட்-ஏ என்று நான் நினைத்தது அவர் தாளில் டி-சி-பி. சாக்ஸில் நடு சி-க்கு ஒரே விரல், சி ஷார்ப்புக்கு விரலே வேண்டாம். அடுத்த டி-க்கு ஆறு விரலும், ஸ்தாயி மாற்றும் ஆக்டேவ் கீயும். அந்த எல்லையை வேகத்தில் தாண்டும்போது குரலின் நிறம் மாறுகிறது, மூடிய டி மொத்தமாகவும் விரல் திறந்த சுரம் மெல்லிசாகவும் கேட்கும். பாட்டு முழுவதையும் எஃப்-இலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு ஏற்றினேன். இப்போது அவருக்கு எஃப், ஈ ஃப்ளாட், டி. எல்லைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, மற்றவர்களுக்கும் அப்படியே. ஆல்டோவுக்கு எஃப் ஸ்கேல், டெனருக்கு பி ஃப்ளாட் ஸ்கேல், இரண்டுமே கை பழகியவை. அடுத்த முறை வாசித்தபோது அந்த பார் வழுக்கிக்கொண்டு போனது.

ஸ்விங் நடையை ஐந்து பேருக்கும் பொதுவாக்க அதிக நேரம் பிடித்தது. தாளில் ஒரு தட்டுக்கு இரண்டு சமமான சுரங்கள்தான் இருக்கும், வாசிக்கும்போது முதலாவது நீண்டு இரண்டாவது குறுகும். கோயில் அண்ணன்தான் வழி சொன்னார். தகிட என்று திஸ்ரத்தில், தட்டுக்கு மூன்றாகச் சொல்லி, நடுவில் இருக்கும் ‘கி’-யை விழுங்கச் சொன்னார். எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டே சொன்னோம். நிதான வேகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. வேகம் ஏற ஏற அந்தக் கணக்கு தளர்ந்து சமத்துக்கு அருகில் வந்துவிடும், அதைக் காதுதான் சொல்லித்தர வேண்டும். இன்னொன்று நாக்கு. தட்டு விழும் சுரத்தை நாக்கால் அழுத்தாமல், அதற்கு முந்தைய அரை இடத்தில் நாக்கு வைத்து, அங்கிருந்து தட்டுக்கு வழுக்கி வர வேண்டும். தாள் முழுவதும் அந்த வழுக்கலைக் காட்டும் வளைகோடுகளைப் போட்ட பிறகுதான் ஐவரும் ஒரே வாயால் பேசியதுபோல வந்தது. இந்தக் கோடுகளைப் போடச் சோம்பல்பட்டு ஹார்மனியை மட்டும் அழகாக எழுதிப் பயனில்லை.

சுருதி சேர்ப்பது பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஏசி போட்ட ஹாலில் போனவுடனே சேர்த்தால் நிற்காது. காற்று குளிர்ந்திருக்கும்போது சுருதி இறங்கியிருக்கும், ஊதி ஊதிச் சூடானதும் ஏறும். கொஞ்ச நேரம் நீண்ட சுரங்கள் ஊதிவிட்டுச் சேர்ப்பதே நல்லது.

நடு எட்டு பார்தான் இந்தப் பாட்டில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. அங்கே கோயில் அண்ணனுக்கு சோலோ. அவர் கார்டு பார்த்து வாசிப்பவர் இல்லை, ராகமாகத்தான் யோசிப்பார். அவரை கார்டு படிக்கவைப்பதைவிட கார்டுகளை அவர் ராகத்துக்குக் கொண்டுவருவதே சரி என்று எனக்குப் பட்டது. கௌரிமனோகரியைப் பிடித்தேன். ஏ ஃப்ளாட்டை ஷட்ஜமாக வைத்தால் ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஜி. ஜாஸ்காரர்கள் மெலடிக் மைனர் என்று சொல்லி உயிராக வைத்திருக்கும் அதே ஏழு சுரங்கள். அதே சுரங்களை வைத்துக்கொண்டு ஷட்ஜத்தை மட்டும் வேறு சுரத்துக்கு மாற்றுவது கிரக பேதம். அதன் மத்யமத்தில் அப்படிச் செய்தால் வாசஸ்பதி. ரிஷபத்தில் செய்தால் நாடகப்ரியா, பஞ்சமத்தில் சாருகேசி. டி ஃப்ளாட் செவன்த் கார்டுக்கு அந்த வாசஸ்பதி அப்படியே உட்காரும். நிஷாதத்தில் தொடங்கினால் பஞ்சமம் கிடைக்காது, அதனால் நம் தாய் ராக வரிசையான மேளகர்த்தாவில் அதற்கு இடமில்லை. ஜாஸில் அதற்கு ஆல்டர்ட் ஸ்கேல் என்று பெயர், ஜி செவன்த் கார்டைக் காரமாக்க அதைத்தான் போடுவார்கள்.

ஆக நான்கு பார் டி ஃப்ளாட் செவன்த், அடுத்த நான்கு பார் ஜி செவன்த். அண்ணன் எட்டு பாருக்கும் கௌரிமனோகரியையே வாசிக்கலாம். கீழே உலகம் மாறும், அவருக்கு ஷட்ஜம் மாறாது.

பின்னணிக்கு என்ன எழுதுவது என்பதில்தான் ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் காந்தாரத்தை அசைக்கும்போது அடியில் நெருக்கமான கார்டு இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், கமகத்துக்கு இடம் வேண்டும். டி ஃப்ளாட் செவன்த்தின் உயிர் எஃப்-உம் பி-யும். ஜி செவன்த்தின் உயிரும் அதே இரண்டுதான், வேலை மட்டும் இடம் மாறுகிறது. இரண்டு டெனர்களும் அந்த எஃப், பி-யை மெதுவாக எட்டு பாரும் பிடித்திருக்க, லீட் ஆல்டோ பேசாமல் இருக்க, பாரிடோன் மட்டும் ஐந்தாவது பாரில் டி ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்கு நகர்கிறது. அந்த ஒரே நகர்வில் முழு அறையின் நிறமும் மாறுகிறது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தவர், பாரிடோன் இறங்கிய கணத்தில் புருவத்தை உயர்த்தி, பிடித்திருந்த நிஷாதத்தை விடாமல் அங்கேயே சுற்ற ஆரம்பித்தார். அது இப்போது அடியில் இருக்கும் ஜி-யோடு ஒன்றாகிவிட்டது. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

பாரிடோனை அடித்தளத்தில் மட்டும் கட்டிப்போடக்கூடாது என்பதை பிக் பேண்ட் தலைவர் ட்யூக் எலிங்டனிடம் கற்க வேண்டும். 1927-ல் அவர் பேண்டில் சேர்ந்து, 1974-ல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்த பாரிடோன்காரர் ஹாரி கார்னிக்கு, கார்டின் எதிர்பாராத சுரங்களை அவர் தேடித்தேடிக் கொடுத்தார். கார்னியின் குரலை மனதில் வைத்து எழுதிய எழுத்து அது. கமகமும் ஜாஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்க ஆசைப்படுபவர்கள், கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தும் ஜாஸ்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். இரண்டு ஆல்டோக்கள், ஒருவர் சுரத்தை அசைத்தே பேசுகிறார், மற்றவர் அதை வேறு பாதையில் எடுத்துப் போகிறார். நான் அதைக் கேட்ட பிறகுதான் அண்ணனைத் தேடிப் போனேன்.

இப்போது கடைசி எட்டு பாரில் இருக்கிறேன். அதே மெட்டு மூன்றாம் முறையாக வருவதால், லீடை ஆல்டோவிடமிருந்து வாங்கி முதல் டெனருக்குக் கொடுத்திருக்கிறேன். 1947-ல் வுடி ஹெர்மன் பேண்டுக்கு ஜிம்மி ஜூஃப்ரி எழுதிய ‘ஃபோர் பிரதர்ஸ்’ கேட்டவர்களுக்கு அந்த ஒலி தெரியும். அதில் ஆல்டோவே இல்லை, மூன்று டெனரும் ஒரு பாரிடோனும்தான். மேல் ஸ்தாயியில் டெனருக்கு இருக்கும் அந்த லேசான இறுக்கம் ஆல்டோவில் வராது. எங்கள் டெனர்காரருக்கு மெட்டு மேல் டி-யில் தொடங்கும், உள்ளங்கைச் சாவியில் வாசிக்க வேண்டிய சுரம். ஆல்டோ இரண்டும் அவருக்குக் கீழே போய் உட்கார வேண்டும். லீட் ஆல்டோவிடம் சொன்னபோது, “நடுவுல எனக்கு என்ன எழுதியிருக்கே, அதக் காட்டு” என்றுதான் கேட்டார். தனியாக வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த புதன் அதை ஐவரும் சேர்ந்து வாசிக்கிறோம். அதற்குள் ரெண்டாவது டெனரின் மூச்சுக்கு கடைசி வரியில் ஒரு இடம் ஒதுக்க வேண்டும், மூன்று பார் விடாமல் ஊத வைத்திருக்கிறேன். பிறகு டிராம்போன்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கம் டிராம்போன் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சர்ச்காரர் சொல்கிறார், ஆடி முடிவதற்குள் இருவரையாவது பிடித்துவிட வேண்டும்.