மைனியின் ஆப்பரேஷனும் வருமானச் சான்றிதழும்

மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் இருக்கிற பத்து சென்ட்டை விற்றுவிடலாமா என்றுதான் அண்ணன் கேட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுப்போம் என்றேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நாம் கொண்டுபோக வேண்டியது குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழ்தான் இழுத்தடித்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மைனி அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலையை விட்டு நாளாகிறது. அண்ணனுக்கு ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டு வேலை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் போட்ட மனுவை விசாரித்தவர், ஒருநாள் கூலியை 365-ஆல் பெருக்கி, வரம்பைத் தாண்டுகிறதே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழை பெய்தால் பால்வெட்டு உண்டா? இலை உதிரும் மாதங்களில் பால் வெட்டுவார்களா? நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக்கூட யோசிக்காவிட்டால் எப்படி? தோட்டக்காரரிடம் அண்ணன் வேலைக்குப் போன நாட்களை மாதவாரியாக எழுதி வாங்கிக் கொடுத்தோம். அதைப் பார்த்த பிறகுதான் மனு மேலே நகர்ந்தது. துணை வட்டாட்சியரின் ஒப்புதலும் கிடைத்தது.

மற்றதெல்லாம் சுலபம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் போட்டோ, கைரேகை எடுத்தார்கள். யாரும் ஒரு பைசா கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் எல்லா ஆப்பரேஷனும் அங்கே உண்டு என்று அர்த்தமில்லை. 1800 425 3993 இலவச எண்ணில் கேட்டு, இதய அறுவை சிகிச்சைக்கு அனுமதி பெற்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகளை அவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, முன் அனுமதி வந்த பிறகு தேதி கொடுத்தார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் மருந்துக்கென்று தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். "வட்டிக்கு வாங்கி எனக்கு ஆப்பரேஷன் வேண்டாம் கொழுந்தா" என்று மைனி அழுதுவிட்டார். அதே எண்ணுக்கு மறுபடி போன் செய்து புகார் பதிந்தேன். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

மைனி இப்போது வீட்டில் நடமாடுகிறார். அண்ணனோடு பால்வெட்டுக்குப் போகிற இன்னும் சில குடும்பங்களுக்கு அட்டை இல்லை. அவர்களுடைய வேலை நாள் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.