கார்த்திகை வாரத்தைத் தாங்குமா உங்க சர்வர்?

கும்பகோணம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் பார்த்துக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஹோஸ்டிங், அதாவது வெப்சைட் குடியிருக்கும் சர்வரின் வாடகை, என்று பேச்சு எடுத்தாலே "வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் தம்பி?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு ரொம்பக் கூட்டமான வாரம் எது?" அந்த வாரத்தைத் தாங்குகிற சர்வர்தான் வேண்டும், மற்ற நாட்களை எதுவும் தாங்கிவிடும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் ஒரு குடும்பக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆன்லைன் விற்பனை மெதுவாக ஏறி, கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மட்டும் மளமளவென்று எகிறும். அவர்கள் இருந்தது ஷேர்டு ஹோஸ்டிங்கில், ஒரே சர்வரைப் பல வெப்சைட்டுகள் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. எல்லாமே 'அன்லிமிடெட்' என்று விளம்பரம். இதில் அன்லிமிடெட் என்பது பெரும்பாலும் இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான்; ஒரே நேரத்தில் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி புராசஸ் எத்தனை ஓடலாம், எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு, அது கண்ணில் படாத இடத்தில் பொடி எழுத்தில் இருக்கும். விளக்குப் படங்களைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தயாராக வைத்திருக்கும் பக்கத்தையே எடுத்துக் கொடுத்துவிடலாம். கூடையில் போட்டுப் பணம் கட்டும் பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொருவருக்கும் புதிதாக டேட்டாபேஸைத் தொட்டுத்தான் உருவாக்க வேண்டும். அதனால் வாங்க வருகிறவர் கூடக்கூட சைட் படுத்துவிடும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் அவ்வளவு ஆபத்து இல்லை.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் திரையில் 508, அதாவது வரம்பு தாண்டிவிட்டது, என்று வந்து நின்றது. ஆனால் யூபிஐ பணம் மட்டும் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. பணம் வந்துவிட்டது என்று கேட்வே (ஆன்லைன் பணத்தை வாங்கித்தரும் கம்பெனி) அனுப்பும் தகவலை வாங்க நம் சர்வர் எழுந்து நிற்கவில்லை, ஆர்டரெல்லாம் 'பணம் வரவில்லை' என்ற நிலையிலேயே கிடந்தது. கடைக்கார அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டில் ஃபோன் செய்தவர்கள் சொன்ன 12 இலக்க யூபிஐ எண்ணை வரிசையாக எழுதிவைத்து, கேட்வே கணக்கில் ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்ததற்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தார். ஹோஸ்டிங் கம்பெனி சாட்டில் கேட்டால் "பிளானை அப்கிரேட் செய்யுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பாதி சரிதான், மீதிப் பாதி விற்பனைத் தந்திரம்.

எதை வாங்குவதற்கும் முன்னால் சைட்டைத்தான் பார்த்தோம். ஃபோனில் எடுத்த படங்கள் அப்படியே ஏற்றப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் சில எம்பி. சுருக்கி வெப்பி என்ற சிறிய ஃபைல் வடிவமாக ஆக்கினோம், ப்ளகின் என்னும் கூடுதல் வசதிகளில் வேண்டாததைக் கழற்றினோம். அப்புறம்தான் விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரில் நமக்கென்றே ஒதுக்கிய பங்கு. எந்த ஊர் சர்வர் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் இருந்தால் ஒரு தடவை போய்வரவே 200 மில்லிசெகண்டு பக்கம் ஆகும், பணம் கட்டும் பக்கத்தில் அப்படிப் பல தடவை போய்வர வேண்டியிருக்கும். அமேசான் 2016இலேயே மும்பையில் சர்வர் வாடகைக் கடையை விரித்துவிட்டது, பெங்களூரிலும் சென்னையிலும் வேறு கம்பெனிகளின் சர்வர்கள் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஓடுவதால் அங்கிருந்து வாங்கும் நம் ஆட்களுக்கும் தாமதம் தெரியாது.

"கடை மாடியிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஓட்டினால் என்ன?" என்று அண்ணன் கேட்டார். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16, அந்த வருஷம் தீபம் 23ஆம் தேதி. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது. இதை ஞாபகப்படுத்தியதும் மேற்கொண்டு கேட்கவில்லை.

விபிஎஸ்ஸில் ஒரு சங்கடம் உண்டு. சாஃப்ட்வேர் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் நம் தலையில் விழும். ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து பார்க்க ஆள் இல்லாத கடைக்குக் கூடுதல் பணம் கொடுத்தாவது கம்பெனியே பராமரிக்கிற மாதிரி எடுப்பதுதான் சரி. எதை எடுத்தாலும் பேக்கப் வேறொரு கம்பெனியிடம் இருக்கட்டும், அதிலிருந்து சைட்டை ஒரு தடவையாவது எழுப்பிப் பார்த்துவிடுங்கள். டொமைன் என்னும் வெப்சைட் முகவரியிலும் கவனம் வேண்டும். நிலம் வாங்கினால் பட்டா யார் பேரில் என்று துருவுகிற நம் ஊர்க்காரர்கள், டொமைன் யார் பேரில், யார் மெயிலில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. பல கடைகளுக்கு அது பழைய வெப்சைட் பையனின் மெயிலில்தான் இருக்கிறது.

மாற்றியது ஆடியில். கல்யாணம் கிடையாது, சீர்விளக்கு வியாபாரமும் மந்தம். முகவரியைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில், பழைய சர்வரின் இடத்தை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை முதல் நாளே 300 செகண்டுக்குக் குறைத்துவிட்டால் புது சர்வருக்கு எல்லோரும் சீக்கிரம் வந்துவிடுவார்கள். கார்த்திகைக்கு முன்னால் மெமரியை ஏற்றி, முடிந்ததும் இறக்கிக்கொள்கிறோம். டிஸ்க்கை மட்டும் ஏற்றுவதில்லை, அதை ஏற்றிவிட்டால் பல இடங்களில் திரும்ப இறக்க விடமாட்டார்கள்.

இப்போது மன்னார்குடியில் தூயமல்லி, கருப்புக்கவுனி அரிசி விற்கும் ஒருவர் தனக்கும் விபிஎஸ் வேண்டும் என்கிறார். நாளுக்கு நாலைந்து ஆர்டர்தான் வருகிறது, கூட்டமான வாரம் என்று ஒன்று அவருக்கு இன்னும் வரவே இல்லை. "ஷேர்டே போதும் சார், ஆனா முதல் விலையைப் பார்த்து மூணு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டிடாதீங்க, ரெனியூவல் விலை, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.